மலைப்பாதைச் சரக்கு வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றுவது எப்படி?



சரக்கு வாங்குவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. துவரம்பருப்பைக் கையில் அள்ளியதுமே புதுசா பழசா என்று சொல்லிவிடுவோம். மிளகை இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்து விலை பேசுவோம். ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்து போகிற வண்டிக்கு ஒரு உதிரிப் பாகம் வாங்கும்போது, "எது விலை குறைவு?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். அப்படி நின்றதால் நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தையும் இக்கட்டுரையில் சொல்கிறோம்.

நாமக்கல் பகுதியில் மொத்த மளிகை வியாபாரம் செய்து, கொல்லிமலைக் கடைகளுக்கும் சரக்கு அனுப்பி வருகிறோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அது தார்ச் சாலைதான். சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். செம்மேடு, சோளக்காடு தாண்டி உள் ஊர்களுக்குப் பிரியும் பாதைகளில் கல்லும் பள்ளமும் ஓடைக் குறுக்கீடும் உண்டு. மழை பெய்தால் சேறு. அதற்காகவே நான்கு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். போகும்போது அரிசி, சர்க்கரை, எண்ணெய், முட்டை. வரும்போது வாழைத்தார், மிளகு, பலா.

எங்கள் கடையில் நடந்தது

ஒரு மார்கழி மாதம் எங்கள் டிரைவர் வந்து, "முதலாளி, பின்பக்கம் ரொம்பத் துள்ளுதுங்க. ஷாக் போயிருச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். பொங்கல் வியாபாரம் நெருங்கிய நேரம். "பொங்கல் முடியட்டும் தம்பி, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டோம். அந்த இரண்டு வாரமும் நடைக்கு நடை முட்டைத் தட்டுகளில் உடைசல் கூடியது. எண்ணெய் டின்களின் மூலை கசிந்தது. ஏற்றியவர்கள் சரியாக அடுக்கவில்லை என்று கடைப் பையன்களைத்தான் திட்டினோம்.

பொங்கல் முடிந்ததும் நாங்களே கடைக்குப் போனோம். டிரைவரையும் கேட்கவில்லை, மெக்கானிக்கையும் கேட்கவில்லை, அளவும் எடுத்துப் போகவில்லை. பார்வைக்குப் பழசு மாதிரியே இருந்த, விலை குறைந்த ஒரு ஜோடியை வாங்கி வந்து மாட்டச் சொன்னோம். அது பழையதைவிட இரண்டு அங்குலம் நீளம் குறைவு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது நடையில் ஓர் ஓடைப் பள்ளத்தைக் கடக்கும்போது பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. நீளம் போதாத ஷாக் முழுதும் இழுபட்டு, சக்கரத்தின் எடையையும் ஆக்ஸிலின் எடையையும் தானே தாங்க நேர்ந்து, மேல் கண்ணோடு பிய்ந்துவிட்டது. டிரைவர் அதை அவிழ்த்து வைத்துவிட்டு, வாழைத்தார் பாரத்தோடு மெதுவாக மலை இறங்கினார். ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதித்தபோது ஷாக் இல்லாத சக்கரம் துள்ளி, வண்டியின் பின்பக்கம் விலகி, தடுப்புச் சுவரில் உரசி நின்றது. அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது மலையேறிய எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் அன்று இரவு கடைக்கு வந்து சாவியை மேசையில் வைத்தபோது அவர் கை நடுங்கியதை நாங்கள் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினோம்.

ஷாக் செய்கிற வேலை என்ன?

நம்மில் பலர் "பாரத்தைத் தாங்குவது ஷாக்" என்று எண்ணுகிறோம். அது தவறு. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. பள்ளத்தில் இறங்கிய பட்டை வளைந்து நிமிரும். நிமிர்ந்தது மறுபடி வளையும். இந்த ஆட்டம் ஓயாமல் தொடர்ந்தால் சக்கரம் தரையில் நிற்காது. அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. தண்டோடு சேர்ந்த பிஸ்டன் அந்த எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகிறது. பிஸ்டனில் உள்ள சிறு வால்வுகள் வழியாக எண்ணெய் புகுந்து போக வேண்டியிருப்பதால் வேகம் மட்டுப்படுகிறது. மெதுவாக அசைத்தால் எதிர்ப்பு குறைவு. வேகமாக அசைத்தால் எதிர்ப்பு அதிகம். ஆட்டத்தின் சக்தி முழுவதும் சூடாக மாறி, குழாயின் வெளிப்பக்கம் வழியாகக் காற்றில் போய்விடுகிறது. ஆகவே மலைப்பாதையில் ஷாக்குக்கு முதல் எதிரி சூடு. எண்ணெய் அதிகம் சூடானால் இளகும், நுரைக்கும். நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது.

ஷாக் கெட்டால் சரக்கு உடைவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரியது, சக்கரம் தரையைப் பிடிக்காததால் பிரேக் பிடித்தும் வண்டி நிற்கிற தூரம் கூடுவது. இறக்கத்தில் அது உயிர் விஷயம்.

மாற்ற வேண்டிய நேரத்தை அறிவது எப்படி?

1. எண்ணெய்க் கசிவு. மேலே மெல்லிய ஈரம் படிந்திருந்தால் அது மட்டுமே குற்றமல்ல. எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டிக் குழம்பாக இருந்தால் மாற்ற வேண்டும்.

2. டயர் தேய்மானம். டயரைச் சுற்றிக் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாக இருந்தால் சக்கரம் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள்.

3. தண்டில் துரு, கீறல், வளைவு. அது ஆயில் சீலை அறுத்துவிடும்.

4. சூடு பார்த்தல். கல் பாதையில் ஓடி வந்து நின்றவுடன் நான்கு ஷாக்கையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை.

5. டிரைவர் சொல். இதுவே எல்லாவற்றிலும் முந்தி வரும் அடையாளம். நாங்கள் தட்டிக் கழித்ததும் இதைத்தான்.

காருக்குச் செய்வதுபோல மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை, கெட்டிப் பட்டை போட்ட சரக்கு வண்டிக்குச் சரிவராது. காலி வண்டி அமுங்கவே அமுங்காது.

முதலில் எடைக் கணக்கு

ஷாக் வாங்கப் போகுமுன் ஒரு தாளில், வண்டி வழக்கமாகச் சுமக்கிற எடையை எழுதுங்கள். உதாரணமாக: 26 கிலோ அரிசிச் சிப்பம் 20 என்றால் 520 கிலோ. 50 கிலோ சர்க்கரை மூட்டை 4 என்றால் 200 கிலோ. 15 கிலோ எண்ணெய் டின் 12 என்றால் 180 கிலோ. ஆக 900 கிலோ. சில்லறைச் சாமான் 100 கிலோ சேர்த்தால் ஒரு டன். ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள் சரக்கும் ஆட்களும் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை என்றால் அதற்கு ஷாக்கில் மருந்து கிடையாது. கெட்டியான ஷாக் போட்டாலும் வண்டி தாங்கும் எடை ஒரு கிலோ கூடக் கூடாது. மேலும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறார்கள். இரண்டு நடையாக அனுப்புவதே லாபம்.

சிலர் பின்பக்கம் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகியிருப்பார்கள். பட்டை கெட்டியானால் அது நிமிர்ந்து உதைக்கிற வேகமும் கூடும். அதை அடக்க, இழுப்பில் அதிக எதிர்ப்புள்ள ஷாக் தேவைப்படும். பட்டை கூட்டியதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீளம் அளப்பது எப்படி?

நாங்கள் தவறியது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம். அளக்க வேண்டியவை மூன்று. எல்லாமே மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடு வரை.

முதல் அளவு: சமதரையில், வழக்கமான சரக்கோடு வண்டி நிற்கும்போது. உதாரணமாக 450 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் அளவு: சக்கரம் முழுதும் மேலே ஏறும்போது. ஆக்ஸிலுக்கு மேலே சேஸில் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். அதுதான் எல்லை. சரக்கோடு நிற்கும்போது ஆக்ஸிலுக்கும் அந்த ரப்பருக்கும் உள்ள இடைவெளி 80 மில்லிமீட்டர் என்றும், அடி விழும்போது ரப்பர் ஒரு 20 மில்லிமீட்டர் அமுங்கும் என்றும் கொள்வோம். 450-இல் 100 போக 350. ஷாக்கை முழுதும் அமுக்கினால் வரும் நீளம் இந்த 350-க்குக் கீழே, பத்து மில்லிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கி, உள்ளே பிஸ்டன் அடிபட்டு உடையும்.

மூன்றாம் அளவு: சக்கரம் தொங்கும்போது. சரக்கை இறக்கிவிட்டு, சமதரையில் சேஸை ஜாக்கியால் தூக்கி, கீழே உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, பழைய ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுதும் தொங்க விட வேண்டும். அப்போது 540 மில்லிமீட்டர் வந்தால், ஷாக்கை முழுதும் இழுத்த நீளம் 550-ஆவது இருக்க வேண்டும். குறைந்தால் எங்களுக்கு நேர்ந்த கதிதான்.

இந்த எண்கள் கணக்கு விளங்குவதற்காகச் சொன்னவை. உங்கள் வண்டியில் வரும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஷாக் சாய்வாக மாட்டியிருந்தால் ஆக்ஸில் நகர்கிற அளவுக்கு ஷாக் நகராது. ஆகையால் மேலே சொன்ன கழித்தல் கணக்கில் நஷ்டம் வராது.

நீளம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்றும் நினைக்க வேண்டாம். சக்கரம் அளவுக்கு மேல் தொங்கினால் பிரேக்கின் ரப்பர் குழாய் இழுபட்டு அறுந்துவிடும். சக்கரம் முழுதும் தொங்கும்போது அந்தக் குழாய் தளர்வாக இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும்.

நீளத்தோடு, முனைகளையும் பார்க்க வேண்டும். சில ஷாக்கில் இரு முனையும் கண். சிலவற்றில் ஒரு முனை கண், ஒரு முனை மரையுள்ள தண்டு. கண்ணின் அகலம், புஷ்ஷுக்குள் போகும் போல்ட்டின் பருமன் இரண்டும் பொருந்த வேண்டும். பொருந்தாததை வாஷர் போட்டு ஒப்பேற்றினால் மலையில் கழன்று விழும்.

எந்த வகை வாங்குவது?

சந்தையில் பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று, இரட்டைக் குழாய் எண்ணெய் ஷாக். குழாய்க்குள் குழாய் இருக்கும். விலை குறைவு. ஊர்ச் சாலைக்குப் போதும். தொடர்ந்து கல் பாதையில் ஓடினால் எண்ணெய் நுரைக்கும்.

இரண்டு, இரட்டைக் குழாயில் நைட்ரஜன் வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்தது. வாயுவின் அழுத்தத்தால் எண்ணெய் எளிதில் நுரைக்காது. வெளிக் குழாயில் கல்லடி பட்டுச் சிறு நெளிவு விழுந்தாலும், உள் குழாய்க்கு எட்டாதவரை வேலை செய்யும்.

மூன்று, ஒற்றைக் குழாயில் அதிக அழுத்த வாயு. எண்ணெயும் வாயுவும் கலக்காமல் நடுவில் ஒரு தனி பிஸ்டன் பிரித்து வைத்திருக்கும். எண்ணெய் இருக்கும் குழாயே நேராகக் காற்றுப் படுவதால் சூடு சீக்கிரம் இறங்கும். பந்தய வண்டிகளும் காட்டுப் பாதையில் வேகமாகப் போகிறவர்களும் இதை விரும்புவார்கள். ஆனால் விலை அதிகம். குழாயில் கல்லடி பட்டு நெளிந்தால் பிஸ்டன் சிக்கி, ஷாக் வீணாகிவிடும்.

நம்மைப்போல மெதுவாக, பாரத்தோடு, கல் தெறிக்கும் பாதையில் போகிறவர்களுக்கு இரண்டாவது வகையே பொருந்தும் என்பது எங்கள் அனுபவம். ஒரே பாதைக்குப் பிஸ்டன் பருமன் கூடிய ஷாக் கிடைத்தால், எண்ணெய் அதிகம் கொள்வதால் சூட்டைத் தாங்கும். ஆனால் பருமனான குழாய் டயரிலோ சேஸிலோ உரசாமல் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கெட்டியாக இருந்தால் நல்லதா?

"நல்லா டைட்டா இருக்கும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அளவுக்கு மேல் கெட்டியான ஷாக் ஒவ்வொரு கல்லின் அடியையும் அப்படியே மேலே அனுப்பும். வண்டி காலியாக வரும்போது சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் தாவும். சேஸில் ஷாக் மாட்டும் இடம் விரியும். முட்டை ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம். ஒரு பெட்டியில் 30 முட்டைத் தட்டு 7 வீதம் 210 முட்டை. ஒவ்வொரு பெட்டியிலும் தட்டுக்கு ஒன்று உடைந்தால் 7 முட்டை போச்சு. அதோடு வழிந்ததைத் துடைத்த கூலியும், கடைக்காரரின் முகச்சுளிப்பும் சேரும். வண்டியின் பாதி எடையிலும் முழு எடையிலும் அடங்கி நிற்கிற ஷாக்தான் நல்ல ஷாக்.

கடையில் வாங்கும்போது

1. அளவுத் தாளையும், வண்டியின் மாடல், வருடம், பழைய ஷாக்கில் உள்ள பாக எண் ஆகியவற்றையும் கையோடு கொண்டு போங்கள். முடிந்தால் பழைய ஷாக்கையே கொண்டு போங்கள்.

2. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்க வேண்டும். நம் கடைப் பொட்டலத்துக்கு உள்ள அதே 2011-ஆம் வருட எடையளவு விதிதான் இதற்கும். அச்சு மங்கலாக, எழுத்துப் பிழையோடு இருந்தால் தொடவே வேண்டாம்.

3. நிமிர்த்தி வைத்து அமுக்கி இழுத்துப் பாருங்கள். அமுக்குவதைவிட இழுப்பது கடினமாக இருப்பது சகஜம். நடுவில் பிடிப்பே இல்லாத இடம் வந்தால் வாங்காதீர்கள். ஆனால் புதிய எண்ணெய் ஷாக் படுத்துக் கிடந்திருந்தால் உள்ளே காற்று ஏறியிருக்கும். ஐந்தாறு முறை அடித்த பிறகு பிடிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

4. ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வழக்கமான முறையில் வரி கட்டும் வியாபாரி, வியாபாரத்துக்கு ஓட்டும் சரக்கு வண்டிக்கு வாங்கும் உதிரிப் பாகத்தின் வரியை வரவு எடுக்கலாம். காம்பொசிஷனில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. ஆனால் உத்தரவாதம் கேட்க அவர்களுக்கும் பில் வேண்டும்.

5. பழைய ஷாக்கை அறுத்து எண்ணெய் மாற்றி, வெல்டிங் வைத்து வண்ணம் அடித்து விற்கிறார்கள். அதை மலை வண்டிக்கு மாட்டாதீர்கள். வாயு அடைத்த ஷாக்கை அறுப்பதும் சூடாக்குவதும் ஆபத்து. வெடிக்கும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் அந்த ஆக்ஸிலின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கமாக இழுபடும். புஷ்களையும் புதிதாகப் போட வேண்டும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தன் சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அதே சமயம் பட்டைகளில் விரிசல், யு-போல்ட் தளர்வு, எல்லை ரப்பர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்லை ரப்பர் இல்லாத வண்டியில் எந்த ஷாக்கும் நிலைக்காது.

முதல் மலை நடை முடிந்து வந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். தண்டில் ஒட்டிய சேற்றைக் காயவிடாமல் கழுவிவிட வேண்டும். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் ஏறட்டும்.

முடிவாக

எங்கள் தவறான சிக்கனத்தில் என்ன மிஞ்சியது? மலிவு ஷாக் ஒரு ஜோடி வீண். பிய்ந்த கண்ணோடு சேஸில் மாட்டும் கொக்கியும் போனதால் வெல்டிங் கூலி. உரசிய பாடிக்குத் தட்டி வண்ணம் அடித்த செலவு. வண்டி நின்ற நாட்களுக்கு வாடகை வண்டி. நசுங்கிய வாழைத்தார். பிறகு நல்ல ஷாக்கை வாங்கத்தானே வாங்கினோம்! அதை முதலிலேயே வாங்கியிருந்தால் ஒரே செலவோடு முடிந்திருக்கும். டிரைவரின் கை நடுக்கத்துக்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் கணக்கு எழுத முடியவில்லை.

அதன்பின் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மலை நடை முடிந்து வண்டி வந்ததும், வசூல் பையை வாங்குவதற்கு முன்பு, "வண்டி எப்படி இருந்தது தம்பி?" என்று கேட்கிறோம். அவர் சொல்வதை நோட்டில் எழுதுகிறோம். குறை சொன்னால் அடுத்த நடைக்கு முன் பட்டறைக்கு அனுப்புகிறோம், பண்டிகைக் காலமானாலும் சரி. வணிக நண்பர்களும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.